தறி ஓடும்போது எடுத்த பதிவுகள்

ஜூன் 12, வியாழன்

நூல்கடையில குடுத்த டைரி இது. வருசப் பிறப்பில இருந்து வெறுமனே கிடந்துச்சு. நான் எட்டாங்கிளாசோட நின்னவ. எழுத்து கோணலா இருந்தா இருக்கட்டும், யாரும் திருத்தப் போறதில்லை.

தஸ்லிமா போன் பண்ணினா. எம்புள்ள கோகிலவாணி கூட ஒரே ரூம்ல உக்காந்து ஆராய்ச்சி பண்ணின புள்ளை அவ. கோகிலா போன செப்டம்பர்ல தன்னோட ஆராய்ச்சியைப் புத்தகமாக் கட்டி யுனிவர்சிட்டில குடுத்துட்டு வந்தா. அக்டோபர்ல டெங்கு. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத மாட்டேன்.

அந்தப் புத்தகத்தை ரெண்டு பேர் படிச்சுப் பாக்கோணுமாம். ஒருத்தர் நல்லா இருக்குன்னு எழுதிட்டார். இன்னொருத்தர் ஒரு திருத்தம் சொல்லியிருக்கார். அதைப் பண்ணிட்டா டாக்டர் பட்டம் குடுத்துருவாங்களாம். செத்துப் போனவங்களுக்கும் குடுப்பாங்களாம்.

கோகிலா அப்பாகிட்டச் சொன்னேன். பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு வெகுநேரம் வெளியே வரலை.

ஜூன் 13, வெள்ளி

வேலைக்குப் போனேன். தறியில பாவு சரியில்லை, நூல் அத்துக்கிட்டே இருந்துச்சு. கோகிலா லேப்டாப் தூசியடைஞ்சு கிடந்துச்சு. துடைச்சு வெச்சேன்.

ஜூன் 15, ஞாயிறு

கைடு மேடமும் தஸ்லிமாவும் வந்தாங்க. கைடுன்னா ஆராய்ச்சிக்கு வழி சொல்ற பேராசிரியர். பேரு பூங்கோதை. சாவுக்கு வந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க, அதை நான் மறக்கலை. ஆனா இன்னைக்கு வந்தது வேற விசயம்.

கோகிலா என்ன ஆராய்ச்சி பண்ணினான்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதறேன். பள்ளிக்கூடத்துல போன் மூலமாப் பாடம் படிக்கறது ஒண்ணு வந்திருக்கு. ஏஐ. புள்ளைங்க வீட்டுல போனைப் பாத்து சத்தமாப் படிக்கோணும். போனுக்குள்ள ஒரு பச்சைக் கிளி அதைக் கேட்டு நட்சத்திரம் போடும். அந்த நட்சத்திரத்தை வெச்சுத்தான் எந்தப் புள்ளை முன்னால உக்காரும், எது மெதுவாப் படிக்கற புள்ளைங்களோட பின்னால உக்காரும்னு பிரிக்கறாங்க. எங்க லைன்ல, அதான் தறிக்காரங்க தெருவுல, வீட்டுக்கு வீடு தறி. தறி ஓடறப்ப புள்ளைங்க படிச்சா கிளிக்குத் தறிதான் கேக்குது. புள்ளை கேக்கலை. கோகிலா ஒரே கிளாஸ்ல படிக்கற லைன் புள்ளைங்களையும் கடைவீதிப் புள்ளைங்களையும் எடுத்துக்கிட்டா. டீச்சர் காதால கேட்டு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் மார்க் போட்டிருக்காங்க. கிளி மட்டும் லைன் புள்ளைங்களைக் கீழ தள்ளியிருக்கு. அவ புத்தகத்துல நாலாவது அத்தியாயம் முழுக்க இதுதான்.

இப்ப அந்த ரெண்டாவது ஆள் என்ன சொல்றார்னா, சத்தம் உள்ள பதிவையெல்லாம் எடுத்துட்டு மறுபடி கணக்குப் போடுங்கங்கறார். பதிவு எடுத்த முறை தப்பாம். அமைதியான இடத்துல எடுத்திருக்கோணுமாம்.

"அதை எடுத்துட்டா மிச்சம் என்னங்க மேடம் இருக்கும்?"

"கடைவீதிப் பசங்க பதிவு இருக்கும்மா. லைன்லயும் புதுசாக் குடி வந்தவங்க வீட்டுல தறி ஓடாதப்ப எடுத்தது ஒண்ணு ரெண்டு இருக்கு. கணக்கு வந்துரும்."

"அந்தக் கணக்குல ரெண்டு பக்கமும் ஒண்ணா வருமுங்களா?"

மேடம் தண்ணி குடிச்சாங்க. தஸ்லிமாதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா. "ஆமாம்மா. வித்தியாசமே இருக்காது."

"அப்ப, கிளி நல்லாத்தான் கேக்குதுன்னு எம்புள்ளையே எழுதின மாதிரி ஆயிரும்."

"அப்படி எழுத மாட்டோம்மா. அந்தப் பகுதியை விட்டுருவோம், அவ்வளவுதான். பட்டம் வரட்டும். மத்ததைப் பின்னாடி பாத்துக்கலாம். அவ இருந்திருந்தா வாதாடியிருப்பா. இப்ப அவளுக்காக யாரு பேசறது?"

திருத்தத்தை வேற ஆள் பண்றதுக்குப் பெத்தவங்க சம்மதம் வேணுமாம். அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும். கோகிலா அப்பா ரோசனையே பண்ணலை. "எங்கீங்க போடோணும், காட்டுங்க" ன்னு போட்டுட்டார். சென்னியப்பன்னு முழுசா, அழகா.

நான் பேனா எழுதலைன்னேன். மேடம் அவங்க பேனாவைக் குடுத்தாங்க. அதுவும் எழுதலைன்னேன்.

மேடம் பேனாவை மூடிப் பையில வெச்சாங்க. "ஜூலை கடைசிக்குள்ள பதில் அனுப்பணும்மா. இல்லைன்னா எல்லாமே காலாவதி" ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க.

ஜூன் 16, திங்கள்

அவர் பேசலை. சோறு போட்டு வெச்சேன். தின்னுட்டுப் போயிட்டார்.

ஜூன் 18, புதன்

பட்டறையில ருக்குமணி கேட்டா. அவ எனக்கு அடுத்த தறி ஓட்டறவ. தறி ஓடறப்ப நாங்க பாதி கையால பேசுவோம், பாதி வாயால. அவ தலையில தொப்பி வெக்கற மாதிரி சைகை காட்டி, எப்பன்னு கேட்டா. பட்டமளிப்புத் தொப்பியாம். நான் கையை விரிச்சேன். தறியைச் சித்த நேரம் நிறுத்திட்டு வந்துட்டா.

"என்னக்கா, குடுக்கறேங்கறாங்க, வாங்கிட்டாத்தான் என்ன?"

"உன்ற புள்ளை படிச்சதைத் தூக்கிப் போட்டுட்டுக் குடுக்கறேங்கறாங்க."

ருக்குமணியோட புள்ளை தன்யஸ்ரீ நாலாவது படிக்குது. கோகிலா பதிவு எடுத்ததுல அதுவும் ஒண்ணு. கிளி போட்ட மார்க்குல பின்னால உக்காந்திருக்கு.

"எம்புள்ளை எப்படியும் பின்பெஞ்சுதான். அதுக்காவ உன்ற புள்ளை பட்டத்தை ஏன் கெடுக்கற? என்னத்துக்கு இந்த வீம்பு உனக்கு?"

எனக்குக் கோபம் வந்துச்சு. எப்படியும்னா என்ன எப்படியும். டீச்சர் அந்தப் புள்ளைக்குக் கடைவீதிப் புள்ளைங்களுக்குச் சமமா மார்க் போட்டிருக்காங்க. அதைக் கோகிலா எழுதி வெச்சிருக்கா. அவ அம்மாளுக்கே அது தெரியலை.

கிளியை எனக்கும் தெரியும். ஆரம்பத்துல கோகிலா என்னைத்தான் படிக்க வெச்சா. பட்டறையில நின்னுக்கிட்டே ஒரு பாட்டைப் படிச்சேன். ஒரு நட்சத்திரம் போட்டுட்டு, "பரவாயில்லை, மறுபடியும் முயற்சி செய்வோமா?" ன்னு கொஞ்சுச்சு. போடி வேலையத்தவளேன்னேன் அதைப் பாத்து. அதுக்கும் ஒரு நட்சத்திரம் போட்டுச்சு. கோகிலா சிரிச்சு சிரிச்சுத் தரையிலயே உக்காந்துட்டா.

ஜூன் 21, சனி

லேப்டாப்புக்குச் சார்ஜ் போட்டேன். நேத்தும் போட்டேன். சும்மா வெச்சா பேட்டரி கெட்டுப்போயிருமாம்.

ஜூன் 24, செவ்வாய்

இன்னைக்குத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"போட்டோவுக்குக் கீழ டாக்டர் கோகிலவாணின்னு எழுதி மாட்டோணும்னு இருக்கேன். அவ அதுக்குத்தானே பஸ்ஸுலயும் ஹாஸ்டல்லயும் கிடந்து சீரழிஞ்சா? நீ அதைத் தட்டி விடற."

"அவ அதுக்கா சீரழிஞ்சா? நீங்க ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா, என்ன படிக்கறேன்னு?"

"கேட்டேன். சொன்னா. எனக்குப் புரியலை. அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

அவருக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. தறியிலேயே வயசு போச்சு. அதனால எங்க வீட்டுல சண்டைன்னா தெருவுக்கே கேக்கும்.

"உனக்குப் பட்டம் வேண்டாம். சண்டைதான் வேணும்" ன்னார்.

ஆமான்னேன். வேற என்ன சொல்றது.

ஜூன் 26, வியாழன்

தஸ்லிமா தனியா ஈரோட்டுல இருந்து பஸ் ஏறி வந்தா. மேடத்துக்குத் தெரியாம வந்திருக்கா. அவளும் அதே மேடம்கிட்டத்தான் ஆராய்ச்சி பண்றா, அவ பொழப்பையும் பாக்கோணும். சோறு போட்டேன். கத்தரிக்காக் குழம்பு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னா. வயித்துக்குள்ள ஏதோ சொல்ல வெச்சுக்கிட்டுத்தான் இப்படித் தின்றான்னு தெரிஞ்சுச்சு.

"அம்மா, வெறும் வாயால வேண்டாம்னா திருத்தம் சொன்ன அந்தத் தேர்வாளர் ஒத்துக்க மாட்டார். அதே புள்ளைங்க, அதே பாடம், தறி இல்லாம ஒரு தடவை படிச்சுக் காட்டணும். அமைதியில கிளி நல்ல மார்க் போட்டுச்சுன்னா, தப்பு புள்ளைங்க மேல இல்லை, சத்தத்தைத் தாண்டிக் கேக்கத் தெரியாத கிளி மேலதான்னு சொல்லிரலாம். கோகிலாவும் அதைச் செய்யணும்னுதான் இருந்தா. லைன்ல தறி எப்ப நிக்கும்னு காத்துக்கிட்டே இருந்தா. அதுக்குள்ள..."

"கரண்டு நிப்பாட்ற நாள்ல செஞ்சுரலாமே" ன்னேன். மாசத்துக்கு ஒருக்கா கம்பி வேலைக்குன்னு கரண்டு ஆபீசுல பகல் முழுக்க நிறுத்துவாங்க. அடுத்தது ஜூலை அஞ்சு, சனிக்கிழமை. பள்ளிக்கூடமும் லீவு.

தஸ்லிமா எந்திரிச்சு நின்னுட்டா. "மேடம்கிட்ட என்னம்மா சொல்றது?"

"ஆகட்டும். ஆனதுக்கப்பறம் சொல்லிக்கலாம்."

கிளம்பறதுக்கு முன்னால பழைய பதிவைக் காப்பி எடுத்துக்கறேன்னு லேப்டாப்பைத் திறந்தா. எதை எதை எப்பத் திறந்தாங்கன்னு அதுல வரும்போல இருக்கு. தறி ஓடறப்ப எடுத்தது அத்தனையும் வரிசையா நேத்துத் தேதி காட்டுச்சு. அவ திரும்பி என்னைப் பாத்தா. பேட்டரி கெட்டுரும்னு போட்டு வெக்கறேன்னு சொன்னேன். அவ லேப்டாப்பை மூடி வெச்சா. என்னைக் கட்டிப் பிடிச்சுட்டுப் போனா. எதுக்குன்னு தெரியலை.

ஜூன் 29, ஞாயிறு

வீடு வீடாப் போய்ப் பெத்தவங்ககிட்டக் கேட்டேன். பாதிப் பேரு சரின்னாங்க. ஒருத்தி, "மறுபடியும் படிச்சு மறுபடியும் மக்குன்னு சொல்லவா?" ன்னு கேட்டா. கேட்டது நியாயம்தான். உக்காந்து பேசினேன். அவளும் சரின்னுட்டா.

ருக்குமணி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே, "தலை குளிப்பாட்டி அனுப்பறேன்" ன்னா. படிக்கறதுக்கு எதுக்குத் தலை குளிக்கோணும்னு கேக்கலை.

ஜூலை 5, சனி

நிறைய எழுதோணும்.

தஸ்லிமா வெள்ளென வந்துட்டா, கையில ரெண்டு போன். புள்ளைங்க பவுடர் பூசிக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வரிசையா நின்னுச்சுங்க. அந்நேரம் பாத்து அவர் போனைக் கொண்டாந்து நீட்டினார். இன்னைக்கு மின்தடை ரத்துன்னு கரண்டு ஆபீசுல இருந்து மெசேஜ் வந்திருக்கு. நான் அதைப் படிச்சு முடிக்கல, அதுக்குள்ள லைன் முழுக்கத் தறி ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நின்ன தரை அதிருது.

தஸ்லிமா மூஞ்சி செத்துப்போச்சு. அடுத்த மாசம்னா தேதி தாண்டிரும்.

நான் செருப்பைப் போட்டுக்கிட்டு அர்த்தனாரி முதலாளி வீட்டுக்குப் போனேன். லைன்ல பெரிய பட்டறை அவரோடது. அவர் நிறுத்தினா மத்தவங்க நிறுத்துவாங்க. அவர் தோசை தின்னுக்கிட்டு இருந்தார்.

"ஒரு மணி நேரம் தறியை நிறுத்தோணுமுங்க."

"கரண்டு இல்லாதப்ப நிக்குதுன்னு அழறோம். கரண்டு இருக்கறப்ப நிறுத்தச் சொல்றியா? கிறுக்குப் புடிச்சிருச்சா பாவாயி?"

"புள்ளைங்க படிக்கோணுமுங்க."

"படிக்கறதுக்குத்தான் பள்ளிக்கூடம் கட்டி வெச்சிருக்குதே."

"இது கோகிலாவோடதுங்க."

அவர் தோசையைப் பிக்கறதை நிறுத்தினார். அப்பறம், "நான் மாட்டேன்னா?" ன்னு கேட்டார்.

"நீங்க மாட்டேன்னாலும் நான் ஓட்டற தறியை நிறுத்தத்தான் போறேனுங்க. ருக்குமணியும் நிறுத்துவா. சொல்லாம நிறுத்தினா மரியாதையா இருக்காதுன்னு சொல்ல வந்தேன்."

ருக்குமணிகிட்ட நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை.

அவர் வீட்டுக்காரம்மாளைப் பாத்தார். அந்தம்மா சட்டினிக் கிண்ணத்தை டொக்குன்னு வெச்சுட்டு உள்ளே போயிட்டாங்க. "போ. எவனாச்சும் கேட்டா மெயின்ல ரிப்பேருன்னு சொல்லு. நான் உனக்குக் கட்டுப்பட்டு நிறுத்தினேன்னு ஊருக்குள்ள ஆகக் கூடாது" ன்னார்.

ஒவ்வொரு பட்டறையா நின்னுச்சு. நம்ம லைன் நின்னதும் அடுத்த லைன் கேட்டுச்சு. அங்கேயும் போய்ச் சொன்னேன். கடைசித் தறி நின்னப்ப எனக்குத் தலை சுத்துச்சு. எங்கேயோ ஒரு வீட்டுல குக்கர் விசில் அடிச்சுது, அது எந்தத் திசைன்னு கூடத் தெரியலை. கோகிலா அப்பா வலது காதுக்குள்ள விரலை விட்டு ஆட்டிக்கிட்டே வெளியே வந்து, இதுவும் போச்சான்னு கேட்டார்.

தன்யஸ்ரீயை முதல்ல உக்கார வெச்சோம். போனைக் கையில குடுத்தா தஸ்லிமா. புள்ளை மூச்சை இழுத்துக்கிட்டு ஆரம்பிச்சுது.

கத்துச்சு. அப்படி ஒரு கத்தல். தறிக்கு மேல கேக்கற மாதிரி, அடித்தொண்டையில இருந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் கடைசியைக் கடிச்சுத் துப்பிக்கிட்டு. சத்தமே இல்லாத வாசல்ல அது கேக்கறதுக்கு என்னமோ போல இருந்துச்சு. கிளி ஒரு நட்சத்திரம் போட்டுட்டு, "மெதுவாகப் பேசுவோமா, செல்லம்?" னுச்சு.

"மெதுவாப் படி தங்கம், தறி ஓடலை பாரு" ன்னா தஸ்லிமா.

புள்ளை குரலை இறக்குச்சு. ரெண்டு வரி போனதும் நின்னுருச்சு. திரும்ப ஆரம்பிச்சு மறுபடியும் நின்னுருச்சு. கண்ணுல தண்ணி.

"மெதுவாப் படிச்சா எனக்கே கேக்க மாட்டேங்குதுக்கா" ன்னுச்சு.

அடுத்தடுத்து வந்ததுகளும் அப்படித்தான். வெளியூர்ல இருந்து புதுசாக் குடி வந்த வீட்டுப் புள்ளைங்களுக்கு மட்டும் நட்சத்திரம் ஏறுச்சு. தொட்டில் கட்டினதுல இருந்து தறிக்குப் பக்கத்துலயே வளந்ததுங்க அத்தனையும் கத்துச்சுங்க, இல்லைன்னா ஊமையாச்சுங்க. கிளி கீழேயே போட்டுச்சு.

தஸ்லிமா புள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பினா. போனைப் பையில வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா. தறியெல்லாம் மறுபடி ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

ஜூலை 6, ஞாயிறு

என்னால கெட்டுது. சத்தம் இல்லைன்னாலும் இந்தப் புள்ளைங்க இப்படித்தான்னு நானே ஊரைக் கூட்டி நிரூபிச்சுக் குடுத்துட்டேன். அந்தச் சம்மதக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுரலாம்னு எடுத்தேன். போடலை. ஏன் போடலைன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

ஜூலை 7, திங்கள்

ருக்குமணி தறி ஓட்டிக்கிட்டே என்கிட்டக் கத்தினா. "எம்புள்ளை படிச்சது எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு. நான் அடுப்படியில இருந்தேன், அங்க வரைக்கும் கேட்டுச்சு. அந்தக் கிளிக்கு மட்டும் ஏன் கேக்கலையாம்?" அன்னைக்கு வீம்பு எதுக்குன்னு என்னைக் கேட்டவதான்.

ஜூலை 9, புதன்

கைடு மேடமே போன் பண்ணினாங்க. தஸ்லிமா எல்லாத்தையும் சொல்லி, பதிவையும் குடுத்துட்டாளாம். திட்டுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

"ரெண்டு நாளா இதையேதாம்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்" ன்னாங்க. "கோகிலா என்கிட்ட எத்தனையோ தடவை சொன்னா. சத்தம் அந்த அறையில மட்டும் இல்லை மேடம், அந்தக் குழந்தைங்க பேச்சுலயே இருக்குன்னு. நான்தான், அதெல்லாம் அளக்க முடியாது, எழுதாதேன்னுட்டேன்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம். நாங்க பண்ணினது கெட்டுதா, இல்லையா?"

"கெடலை. தேர்வாளர் என்ன சொன்னார்? சத்தத்தை நீக்கிட்டுப் பாருங்கன்னார். நீங்க நீக்கிட்டீங்க. டீச்சருக்குப் புரியற குழந்தை, அவ அம்மாவுக்குப் புரியற குழந்தை, அமைதியிலயும் அந்த மெஷினுக்குப் புரியலை. அப்ப, தப்பு பதிவு எடுத்த முறையில இல்லை. எந்தப் பேச்சைக் கேட்டு அந்த மெஷினைப் பழக்கினாங்களோ, அதுல உங்க லைன் பேச்சே இல்லை."

எதையும் எடுக்காம, இதையும் சேத்துப் பதில் அனுப்பறேன்னாங்க. ஆனா ஒண்ணு சொன்னாங்க. அந்த ஆள் ஒத்துக்காமப் போனா பட்டம் மொத்தமாப் போயிரலாம். சுலபமான வழி இன்னும் திறந்துதான் இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்கன்னாங்க. யோசிச்சுட்டேன், அனுப்புங்கன்னேன்.

ஜூலை 12, சனி

தஸ்லிமா புதுக் காகிதம் கொண்டாந்தா. எதையும் நீக்காம பதில் அனுப்பச் சம்மதம்னு இருந்துச்சு. இந்தத் தடவை பேனா நல்லா எழுதுச்சு. கோகிலா அப்பா, "நான் ஒருக்காத்தான் கையெழுத்துப் போடுவேன்" னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். தஸ்லிமா காகிதத்தை எங்க வீட்டுலயே விட்டுட்டுப் போனா.

ஜூலை 20, ஞாயிறு

காகிதம் டிவி மேலேயே கிடக்கு. அவர் அதைச் சுத்தித் துடைக்கறார். அதைத் தொடறதில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அவர் ஆத்துக்குப் போய்ப் பண்ண வேண்டியதைப் பண்ணிட்டு வந்தார். பெத்தவன் புள்ளைக்குப் பண்றது. நான் போகலை.

ஜூலை 26, சனி

சிப்டு முடிஞ்சு வந்தேன். கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. உள்ளே அவர் லேப்டாப் முன்னால உக்காந்திருந்தார். கேக்கற காதுல வயரை மாட்டிக்கிட்டு, அதையும் கையால பொத்திக்கிட்டு. எப்படித் திறந்தார், யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியலை.

நான் உள்ளே போகலை. வாசல்லயே உக்காந்து கீரை ஆஞ்சேன். ஆஞ்சு முடிச்சும் அவர் எந்திரிக்கலை. தண்டையும் நறுக்கினேன்.

வெளியே வந்தவர் கேட்டார். "ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால, உன்ற பேரைச் சொல்லு கண்ணு, பயப்படாமப் படின்னு அவ சொல்றா. அதை ஏன் இப்படிக் கத்திச் சொல்றா?"

"நீங்க செவுடு. உங்ககிட்டக் கத்திக் கத்தித்தானே அவ பேசவே பழகினா."

அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே கீழே உக்காந்தார். அக்டோபருக்கு அப்பறம் அவர் சிரிச்சு நான் பாக்கலை. கடைவீதியில எடுத்ததுல அவ மேடம் மாதிரி மெதுவாப் பேசறா, அது யாரோ மாதிரி இருக்குன்னார்.

"ஆமா. அது எனக்கும் புடிக்கலை" ன்னேன்.

"நீயும் கேட்டியா?"

"பேட்டரிக்காகப் போட்டது."

டிவி மேல இருந்த காகிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆத்துல நல்ல தண்ணியாம். தஸ்லிமா போன் பண்ணினா, பதில் போய்ச் சேந்துருச்சு, அந்தத் தேர்வாளரே நேர்ல வர்றாராம். பன்னண்டாந்தேதி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வைவான்னு சொல்றாங்க. எல்லாரும் பாக்க உக்கார வெச்சுக் கேள்வி கேக்கறது. யாரு வேணும்னாலும் போலாமாம், யாரு வேணும்னாலும் கேள்வியும் கேக்கலாமாம். அப்படித்தான் சட்டமே இருக்குன்னு தஸ்லிமா சொன்னா. அப்பச் சரின்னு நான், அவர், ருக்குமணி, தன்யஸ்ரீ நாலு பேரும் போனோம். லைன்ல இன்னும் சில பேரு வந்தாங்க. அர்த்தனாரி முதலாளி வரலை. ஆனா யாருக்கும் லீவு இல்லைன்னு சொல்லலை.

கோகிலா நிக்க வேண்டிய இடத்துல கைடு மேடம் நின்னாங்க. தேர்வாளரை நான் வேற மாதிரி நினைச்சு வெச்சிருந்தேன். சின்ன வயசுதான். எங்களைப் பாத்ததும் எந்திரிச்சுக் கும்பிட்டார். கோபமாப் பேசோணும்னு போனவளுக்கு அது ஒரு தொல்லை.

மேடம் எல்லாத்தையும் சொன்னாங்க. தறி ஓடறப்ப எடுத்தது, நிறுத்திட்டு எடுத்தது, ரெண்டையும். அவர் நிறையக் கேட்டார். பாதி எனக்குப் புரியலை. கடைசியில எங்க பக்கமாத் திரும்பினார்.

"பெற்றோர் இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. உங்களை வெறுங்கையோட அனுப்ப எனக்கு மனசில்லை. மத்த அத்தியாயங்கள் ரொம்ப நல்லா இருக்கு. இந்த நாலாவது மட்டும் ஆதாரம் பலமா இல்லை. இதை விட்டுட்டா நான் இன்னைக்கே, இங்கேயே கையெழுத்துப் போட்டுருவேன்."

மேடம் என்னைப் பாத்தாங்க. நான் எந்திரிக்கறதுக்குள்ள கோகிலா அப்பா எந்திரிச்சுட்டார்.

"ஐயா, எனக்குக் காது மந்தமுங்க. சரியாக் கேட்டுச்சான்னு தெரியலை. தறிச் சத்தத்தை எடுத்துட்டா இன்னைக்கே டாக்டர்ங்கறீங்க. அப்படித்தானுங்களா?"

"ஆமாங்க."

"எடுக்க வேண்டாமுங்க."

சொல்லிட்டு உக்காந்துட்டார். கை என் பக்கத்துலயே இருந்துச்சு. நான் பிடிக்கலை. பிடிச்சா அழுதுருவார்.

சபையில வேற யாருக்காவது கேள்வி இருக்கான்னு மேடம் கேட்டாங்க. நான் எந்திரிச்சேன்.

"இந்தப் பதிவையெல்லாம் எடுத்துருங்கன்னு எழுதறதுக்கு முன்னால நீங்க அதைக் கேட்டீங்களா?"

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. தேர்வாளர் மறைக்கலை. "இல்லைம்மா. எண்களை மட்டும்தான் பார்த்தேன். பதில் வந்தப்பறம் கேட்டேன்."

"கேட்டதுல என்ன தெரிஞ்சுது?"

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "எனக்குப் புரியலைம்மா. அந்தக் குழந்தை படிச்சதுல முக்கால்வாசி புரியலை. டீச்சர் முழு மார்க் போட்டிருக்காங்க. ரெண்டு தடவை கேட்டதுக்கப்பறம்தான் எனக்கும் கொஞ்சம் கேட்டுச்சு."

"அந்தப் புள்ளை இங்கதான் இருக்கு" ன்னு பின்னால இருந்து ருக்குமணி சொன்னா. தன்யஸ்ரீ முந்தானைக்குள்ள போயிருச்சு.

தேர்வாளர் மேடத்துகிட்டயும் கூட உக்காந்திருந்த இன்னும் ரெண்டு பேருகிட்டயும் இங்கிலீசுல பேசினார். வெகுநேரம். அப்பறம் தமிழ்ல சொன்னார். நீக்கச் சொன்னதை அவர் வாபஸ் வாங்கிக்கறார். அந்த அத்தியாயம் இருக்கட்டும். ஆனா ஒரே ஊர்ல, இவ்வளவு கொஞ்சப் புள்ளைங்களை வெச்சு இவ்வளவு பெரிய விசயத்தைச் சொல்ல முடியாது. நாலஞ்சு ஊர்ல, இன்னும் நிறையக் குழந்தைங்ககிட்ட, இதே மாதிரி ஓட்டியும் நிறுத்தியும் எடுக்கோணும். ஆறு மாசம் டைம். இன்னைக்குப் பட்டம் இல்லை.

தஸ்லிமா அழுதுட்டா. மேடம் மூஞ்சியும் தொங்கிருச்சு. தோத்துட்டோம்னு நினைக்கறாங்க. எனக்கு அப்படித் தோணலை. தூக்கிப் போடுன்னு சொன்ன வாய்தான் இன்னும் கொண்டான்னு சொல்லுது.

"எத்தனை புள்ளைங்க வேணுமுங்க?" ன்னு கேட்டேன்.

"நூறு பேராவது வேணும்மா."

"சரிங்க."

பஸ்ஸுல ருக்குமணி பக்கத்துல வந்து உக்காந்தா. "சரின்னு சொல்லிட்ட. நூறு புள்ளைங்களுக்கு எங்கக்கா போவ?"

"தறி இருக்கற ஊருக்கா பஞ்சம்?"

கோகிலா அப்பா முன் சீட்டுல இருந்து திரும்பாமலே சொன்னார். "குமாரபாளையத்துல உங்க சித்தி மவ இருக்கறாளே."

ஆகஸ்ட் 13, புதன்

சித்தி மவளுக்குப் போன் போட்டேன். பேசிப் பல வருசம் ஆச்சு. கோகிலா சாவுக்கு வரலைன்னு எனக்குக் கோபம், அது அவளுக்கும் தெரியும். சனிக்கிழமை நானும் இன்னும் ரெண்டு பேரும் வர்றோம்னேன். என்ன விசேசம்னு கேட்டா.

உங்க லைன்ல எத்தனை பட்டறை, எத்தனை புள்ளைங்கன்னு பாத்து வெய்யி, தறியை நிறுத்த வர்றோம்னு சொல்லிட்டேன்.